இதழ் நுனியில் ஒரு கரும்புள்ளி

அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்ததைத் தேநீர் என்று நினைத்து என்ஜினீயர் டம்ளரை நீட்டினார். கூடத்தில் உட்காரவைத்த மனிதரைத் தாகம் சமையலறை வாசல்வரை கூட்டிவந்துவிட்டது.

“அய்யோ, அதக் குடிச்சிடாதீங்க!” அவள் பாத்திரத்தைக் கையால் மறைத்தாள். “அது நீங்க கொண்டாந்த செடியோட பூ. காஞ்சு போச்சுல்ல, வெந்நீர்ல ஊறினாத்தான் இதழ் பிரியும். உங்க டீ பின்னாடி வருது.”

“டீ போடுற பாத்திரத்துலயா மேடம்?”

“இந்த வீட்டுல எதுல டீ, எதுல பூன்னு கேக்கக் கூடாது. கல்யாணம் ஆனதுலேர்ந்து இப்படித்தான். இன்னும் உயிரோடதான இருக்கோம்?”

என்ஜினீயர் சிரித்தார். ஆனாலும் அப்புறம் கொடுத்த தேநீரை ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

அவளுடைய கணவரைத் தாவரவியல் துறையில் எல்லோரும் பொத்தான் சார் என்பார்கள். அவர் ஆயுளைத் தின்றது ஒரே ஒரு செடிக் குடும்பம். கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிற இடங்களில், புல்லோடு புல்லாக, குனிந்து பார்க்கிறவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற சின்னஞ்சிறு செடிகள். இலையெல்லாம் அடியிலேயே வட்டமாக விரிந்து கிடக்கும். ஒன்றைக் கிள்ளி வெயிலுக்கு நேரே பிடித்தால் ஜன்னல் கண்ணாடிபோல் கட்டம் கட்டமாக வெளிச்சம் உள்ளே வரும். சேற்றிலிருந்து பிடுங்கினால் வேர் வெள்ளை வெளேரென்று, வளையம் வளையமாக, புழுவோ என்று கையை உதற வைக்கும். சேற்றுக்குள் மூச்சு விட வேண்டாமா, அதற்காக உள்ளே காற்றை அடைத்து வைத்திருக்கிறது. நடுவிலிருந்து இலையே இல்லாத ஒரு காம்பு, லேசாக முறுக்கிக்கொண்டு எழும். அதன் தலையில் சட்டையிலிருந்து அறுந்து விழுந்த மாதிரி ஒரு வெள்ளைப் பொத்தான்.

அந்தப் பொத்தானை ஒரு பூ என்று நினைத்துவிடக் கூடாது. அது ஒரு ஊர். ஊசிமுனை அளவு பூக்கள் அதற்குள் நெருக்கியடித்துக் குடியிருக்கும். ஆண் பூ தனி, பெண் பூ தனி, ஆனால் வாசம் ஒரே கூரையின் கீழ். சில ஊர்களில் ஆண்கள் முதலில் விரிந்து, ஆர்ப்பாட்டமெல்லாம் பண்ணி ஓய்ந்த பிறகுதான் பெண்கள் கண் திறப்பார்கள். “நம்ம வீடு மாதிரியே” என்பார் பொத்தான் சார். “நம்ம வீட்டுல நான் கண்ணத் தொறந்துதான் ரொம்ப நாளாச்சு, நீங்கதான் இன்னும் ஓயல” என்பாள் அவள்.

வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே முகம். இன்னார் இன்னார் என்று பிரித்துச் சொல்ல வேண்டுமென்றால் பொத்தானைப் பிட்டு, ஒரு பூவை எடுத்து, அதன் இதழையும் பிரித்து, நுண்ணோக்கியின் கீழ் வைக்க வேண்டும். இதழ் நுனியில் கறுப்பாக ஒரு புள்ளி இருக்கிறதா, இல்லையா? அது ஒரு சுரப்பி. அந்த வட்டாரத்துச் சதுப்பிலெல்லாம் வளர்ந்த பொத்தான் செடிக்கு அந்தப் புள்ளி உண்டு. புள்ளி இல்லாவிட்டால் அது வேறு செடி. தூசியில் தூசியாக இருக்கிற அந்தக் கறுப்புதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

அவர் ஊசியால் பிரித்துப் பார்த்துச் சொல்வார், அவள் பார்த்து வரைவாள். இதுதான் அவர்கள் வேலை செய்கிற முறை. வரைகிறவளுக்குக் கண் கூர்மை. “மூணு புல்லி இதழ்ங்கிறீங்க, எனக்கு ரெண்டுதான் தெரியுது” என்று ஆரம்பிப்பாள். “ரெண்டா? நல்லாப் பாரு, ஒண்ணு ஒட்டிட்டிருக்கு.” “ஒட்டல, உங்க ஊசிதான் கிழிச்சிருக்கு.” இப்படி ஒரு மயிரிழைக்காக அவர்கள் போட்ட சண்டையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் விவாகரத்து வரை எதிர்பார்த்தார்கள். கடைசியில் இருவரில் யாரோ ஒருவர் தோற்று, தோற்றவர் தேநீர் போடுவார்.

சண்டை நின்று போய்க் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அவர் இரண்டு கண்ணிலும் புரை விழ ஆரம்பித்திருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வாசலில் வந்தவரைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டார். பேருந்து எண்ணை, “அது என்ன வண்டி?” என்று அவளுக்குத் தேர்வு வைப்பதுபோலக் கேட்டார். அவள் எண்ணைச் சொன்னால், “அதான், அதான்” என்றார். போன வாரம் துறைக் கூட்டத்தில் திரையில் காட்டிய விதையின் படத்தைப் பார்த்து அவர் மகரந்தம் என்று சொல்லியிருக்கிறார். அவருடைய நாற்காலியை நெடுநாளாகக் கண்ணால் அளந்துகொண்டிருந்த இளையவர் ஒருவர், “சாருக்கு எல்லாமே பொத்தானாத் தெரியுது” என்றாராம். அறையே சிரித்திருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் குனிந்து கழற்றிவிட்டாள். அப்போது எடுத்துக்கொண்ட முடிவுதான், இனி இந்த மனிதரை நான் ஒரு வார்த்தை திருத்த மாட்டேன் என்பது. அன்பினால்தான் எடுத்தாள். அதில் சந்தேகமே வேண்டாம்.

என்ஜினீயர் வந்த விஷயம் இதுதான். பேருந்துப் பணிமனையை விரிவாக்க வேண்டும். அதற்குப் பின்னால் ஒரு சதுப்பு இருக்கிறது, மண்ணடித்து மூடிவிட்டால் இடம் கிடைக்கும். மூடுவதற்கு முன்னால், அங்கே மட்டும் வளர்கிற செடி எதுவும் இல்லையென்று விவரம் தெரிந்த ஒருவர் சொல்ல வேண்டும் என்பது விதி. ஆட்களை விட்டுச் செடிகளைப் பறித்துவரச் சொல்லியிருக்கிறார். அதில் இந்தப் பொத்தான் செடி மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. ஜீப்பின் பின்சீட்டில் கிடந்து காய்ந்துபோனதைப் பையோடு கொண்டுவந்துவிட்டார்.

“அவசரமில்ல சார்” என்றார் என்ஜினீயர். “இது வேற செடின்னா சொல்லிடுங்க. அந்தப் பக்கம் மேட்டுல ஒரு இடம் இருக்கு. வண்டி கொஞ்சம் சுத்திப் போகணும், அவ்வளவுதான். எங்களுக்கு ஒண்ணும் நஷ்டமில்ல.”

ஜன்னலோரம் இருந்த மேசையில் பொத்தான் சார் உட்கார்ந்தார். வெந்த பொத்தானைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பிட்டார். கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆண் பூக்கள்தான் விரிந்திருந்தன, பெண் பூக்கள் இன்னும் மொட்டு. ஒரு ஆண் பூவைத் தனியாக்கி, இதழைப் பிரித்து, கண்ணை நுண்ணோக்கியின் வில்லையில் வைத்தார். வெகுநேரம் பார்த்தார். திருகை முன்னால் திருப்பினார், பின்னால் திருப்பினார்.

“புள்ளி இருக்கு” என்றார். “நம்ம ஊர்ச் செடிதான்.”

பிறகு எழுந்து நின்று, நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். “இந்தாம்மா, நீயும் ஒருவாட்டி பாரு.”

அவள் பார்த்தாள். கண்ணாடி மாதிரி மெல்லிய வெள்ளை இதழ். அதன் நுனியில் கறுப்பாக ஒன்று. ஆனால் அது இதழுக்குள் இல்லை, இதழின் மேல் கிடந்தது. ஓரம் உருண்டை, நடுவில் ஒரு பிளவு. மகரந்தப்பை. இந்தக் குடும்பத்து ஆண் பூக்களுக்கு மகரந்தப்பையும் பெரும்பாலும் கறுப்புதான். வெந்நீரில் காம்பு அறுந்து, மிதந்து வந்து, ஒட்டக் கூடாத இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த இதழைப் பார்த்தாள். நுனி வெறுமையாக இருந்தது. அதற்கடுத்ததும் வெறுமை. இத்தனை வருஷம் வரைந்ததில் இப்படியொரு வெறும் நுனியை அவள் வரைந்ததே இல்லை.

ஊசி அவள் விரலருகில்தான் இருந்தது. ஒரு தொடு தொட்டால் போதும், அந்தக் கறுப்பு நகர்ந்துவிடும். “என்னங்க, இது பை” என்று சொன்னால் போதும். பின்னால் என்ஜினீயர் நிற்கிறார். நாளைக்கு இவர் பணிமனையில் சொல்வார், அது துறைக்குப் போகும், இளையவர் காதுக்குப் போகும். புள்ளி எது, பை எதுன்னு பொத்தான் சாருக்கே தெரியலையாம். கட்டில் ஓரமும் கழற்றாத செருப்பும் அவள் கண்முன் வந்தன. இவர் போகட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பிறகு சொன்னால் போன் பண்ணித் திருத்திவிட முடியாதா என்ன?

“சரிதாங்க” என்றாள்.

என்ஜினீயர் போன பிறகு அவர் உற்சாகமாக இருந்தார். வெகுநாளைக்குப் பிறகு ஏதோ பாட்டை முணுமுணுத்தார். “பாத்தியா, கிழவனுக்கு இன்னும் கண்ணு இருக்கு” என்று அவள் தோளில் தட்டினார். அந்த முகத்தில் போய் எதைச் சொல்வது? நாளைக்கு என்று வைத்தாள். மறுநாள் அவருக்குத் தலைவலி. அதற்கடுத்த நாள் உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். சொல்ல வேண்டியதை ஒருநாள் தள்ளிப்போட்டால் அது மறுநாள் இன்னும் கொஞ்சம் கனத்துப்போகிறது. ஒரு காலை கடைத்தெருவுக்குப் போகிற வழியில், மண் ஏற்றிய லாரிகள் வரிசையாகப் பணிமனைப் பக்கம் திரும்புவதைப் பார்த்தாள். கையில் பையோடு நடைபாதையில் நின்றாள். கடைசி லாரி திரும்புகிறவரை நின்றுவிட்டு, கடைக்குப் போய், வாங்க வந்ததை மறந்து, வேறெதையோ வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. அவருடைய கண் முற்றிலும் மங்கி, படியில் தடுக்கி விழுந்த பிறகுதான் மருத்துவரிடம் போக ஒத்துக்கொண்டார். ஒரு கண், பிறகு மறு கண். கட்டுப் பிரித்ததும் உலகத்தைப் புதிதாக வாங்கிவந்தவர்போல் நடந்துகொண்டார். சுவரில் இருக்கிற விரிசலையெல்லாம் காட்டினார். அவளைப் பிடித்து ஜன்னலோரம் திருப்பி, “உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது? சொல்லவே இல்லையே!” என்றார்.

“அதையெல்லாம் தண்டோரா போட்டா சொல்லுவாங்க?” என்று சிரித்தாள்.

ஒரு பிற்பகல் அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது மேசைப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. அலமாரி திறந்தது. சாராயத்தில் போட்டு வைத்த பழைய பூக்களின் குப்பிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. புதுக் கண்ணுக்குப் பழைய பூவெல்லாம் பார்க்க ஆசை. பார்க்கட்டும் என்று நினைத்தாள். பிறகு கத்தி நின்றது. என்ஜினீயர் கொண்டுவந்த பூவைப் போட்டு வைத்த குப்பியும் அங்கேதான் இருக்கிறது. எழுந்து போய்த் தடுக்கலாம். எப்படி, என்ன சொல்லி? உட்கார்ந்தே இருந்தாள். அடுத்த அறையில் சத்தமே இல்லை.

“இங்க வா.”

போனாள். அவர் வில்லையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. கையில் ஊசி இருந்தது.

“தொட்டேன், வந்துடுச்சு” என்றார். “பை.”

அவள் திறந்திருந்த குப்பியைப் பார்த்தாள்.

“எல்லா இதழும் பாத்துட்டேன். ஒண்ணுலயும் புள்ளி இல்ல.” இப்போது நிமிர்ந்தார். “நீ அன்னிக்கே பாத்தல்ல?”

“பாத்தேன்.”

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஊசியைத் துணியில் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

“எனக்கு சரியாத் தெரியலம்மா அன்னிக்கு. ஏதோ கறுப்பா இருந்துச்சு, அவ்வளவுதான். அதான் உன்னப் பாக்கச் சொன்னேன்.”

“நீங்க ‘புள்ளி இருக்கு’ன்னு சொல்லிட்டீங்களே…”

“நான் சொல்றதுதான? நான் எப்பவும் சொல்றதுதான. நீதான எப்பவும் இல்லம்பே.” குரல் தணிந்தது. “ரொம்ப நாளா நீ இல்லன்னே சொல்லல. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? கண்ணு போனாலும் நான் சரியாத்தான் பாக்கறேன் போலிருக்குன்னு நினைச்சேன். தப்பாயிருந்தா இவ சும்மா விடுவாளான்னு.”

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்த முடிவை எடுத்த நாளிலிருந்து தான் பேசாமல் இருந்த ஒவ்வொரு தடவையையும் இந்த மனிதர் தனக்குக் கிடைத்த சாட்சியாக வாங்கி வைத்திருக்கிறார்.

“விதை எதாவது?” என்று கேட்டார், பதில் தெரிந்துகொண்டே.

“பெண் பூ விரியவே இல்லையே. அத்தனையும் மொட்டு. நீங்களே பாத்திருப்பீங்க.”

“பாத்தேன்” என்றார்.

சாயங்காலம் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. இருவரும் நடந்தார்கள். பருவம் தப்பிய தூறல் ஒன்று விழுந்துகொண்டிருந்தது. குடை ஒன்றுதான் இருந்தது, அதை அவர் அவள் பக்கமாகச் சாய்த்தே பிடித்து வந்தார். அது அவளுக்கு மழையைவிடக் கஷ்டமாக இருந்தது. “நேராப் பிடிங்க, நனையறீங்க” என்றாள். “நேராத்தான் பிடிச்சிருக்கேன்” என்றார். “இல்ல” என்றாள். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவள் காதில் விழுந்தது. அவர் ஒரு அடி நின்றார். பிறகு குடையை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

பணிமனையின் கம்பி வேலிக்குப் பின்னால் புதுத்தளம் நீளமாகக் கிடந்தது. ஒரு குழி இல்லை, ஒரு பள்ளம் இல்லை, மட்டம் பார்த்துப் போட்ட நல்ல வேலை. தலையில் துண்டைக் கட்டிய ஒருவர் பேருந்து ஒன்றைக் குழாய் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார். பேருந்திலிருந்து வழிந்த தண்ணீரும் வானத்துத் தண்ணீரும் சேர்ந்து தளத்தின் மேல் மெல்லிய தகடாகப் பரவி, நிற்பதற்கு ஒரு இடம் தேடுவதுபோல் அங்கங்கே வளைந்து, கிடைக்காமல் ஓரத்துச் சாக்கடையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அவர் வேலிக் கம்பியில் முகத்தை ஒட்டி, திருகைத் திருப்புகிறவர்போல் கண்ணைச் சுருக்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் பார்த்தாள்.