சின்ன முள்

கட்டடத்தின் பலத்தைச் சோதிப்பவர்களிடம் அவர் அளவுக்காரராக இருந்தார். தளத்தின் மேல் மணல் மூட்டைகளை அடுக்கி ஒரு நாள் விடுவார்கள். கீழே, உத்தரத்தின் நடுவயிற்றைத் தொட்டபடி கடிகாரம் போன்ற டயல் கேஜ் நிற்கும். பாரத்தில் உத்தரம் இறங்குவதை இன்ஜினியர்கள் டிஃப்லெக்‌ஷன் என்பார்கள். அவர் தன் நோட்டில் தொய்வு என்று எழுதுவார். தொய்வதில் தப்பில்லை. மூட்டைகளை இறக்கி இன்னொரு நாள் பொறுத்தால் முக்கால் பங்காவது மேலே திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

அந்தத் தையற்கூடத்தின் உத்தரம் நான்கு மில்லிமீட்டர் இறங்கியது. மூட்டைகளை எடுத்து மறுநாள் பார்த்தபோது, திரும்பாமல் நின்ற மிச்சம் 0.90 என்று எழுதினார். நான்கில் கால் பங்கான ஒன்றுக்குள் இருந்ததால் தேறியது. அன்று மாலையே தங்கைக்கு ஃபோன் செய்தார்.

"பில்டிங் பாஸாயிடுச்சும்மா. தைரியமா வேலைக்குப் போய்ச் சேரு."

தங்கை சேர்ந்தாள். அவளோடு முப்பத்தேழு பெண்கள்.

மூன்று மாதம் கழித்து, ஃபோனில் இடமில்லை என்று பழைய படங்களை அழித்துக்கொண்டிருந்தார். டயலைப் படமெடுத்து வைப்பது அவர் பழக்கம். தையற்கூடத்துப் படத்தைப் பெரிதாக்கியபோது விரல் நின்றுவிட்டது. டயலில் இரண்டு முள் உண்டு. பெரிய முள் நூறு கோடு தாண்டி ஒரு சுற்று சுற்றினால் ஒரு மில்லிமீட்டர். எத்தனை சுற்று என்று சொல்வது சின்ன முள். அந்த இடத்துக் கண்ணாடியில் சிமென்ட் தூசி படிந்திருந்தது. அன்று அவர் துடைக்கவில்லை. தூசிக்குள் அந்த முள் இரண்டை ஒட்டி நின்றது.

மிச்சம் 0.90 அல்ல, 1.90. பாதிதான் திரும்பியிருக்கிறது.

காலையில் இன்ஜினியரிடம் படத்தைக் காட்டினார். இன்ஜினியர் நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார்.

"ஒரு மில்லிமீட்டர்தானேய்யா? கடுகு அளவு."

"கடுகு இல்ல சார். ஃபெயில்."

"ரிப்போர்ட் போயாச்சு, கையெழுத்தும் ஆயாச்சு. சரி, உங்க பையன் பரீட்சை என்னாச்சு?"

"சார், மேல ஆளுங்க இருக்காங்க."

"படத்த அழிச்சிட்டு ஒரு டீ குடிங்க. உங்க வேலையும் இருக்கணுமில்ல?"

தையற்கூடத்து முதலாளி சிரித்தார். "ஒரு முள்ளு சொல்லுதுன்னு ஆர்டர நிறுத்தச் சொல்றீங்களா? அதே முள்ளுதானே அன்னிக்கு நல்லாருக்குன்னுச்சு?"

"முள்ளு சரியாத்தான் சொல்லுச்சு. நான்தான் பாக்கல."

"அப்ப இன்னிக்கு மட்டும் உங்க கண்ண நான் எப்படி நம்புறது?"

அவர் நகர அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டு போனார். அதன் மேல் ஒரு முத்திரை விழுந்தது. பிறகு அது என்ன ஆனது என்று சொல்ல அங்கே ஆளில்லை.

தங்கையிடம் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"நீ போகாதம்மா."

"நான் நின்னுட்டா என் மெஷின்ல நாளைக்கு வேற ஒருத்தி உக்காருவா. அவளுக்கு அண்ணன் இல்லையா?"

அவர் தலை குனிந்தது. அவள் ஈரக்கையால் அவர் தோளைத் தொட்டாள். "எதையும் அளந்து பேசுற ஆளு நீ. பொய் சொல்லலியே. தப்பாப் படிச்சிட்ட. விடுண்ணே."

அவரால் விட முடியவில்லை. தன் சொந்த டயல் கேஜை எடுத்துக்கொண்டு போனார். உத்தரத்துக்கு நேர் கீழே துணிக் கிடங்கு. கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் ஒன்றும் கேட்காமல் இரண்டு பெட்டிகளை நகர்த்தி இடம் கொடுத்தாள். தினமும் மதிய இடைவேளையில் வந்து, முதலில் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் குறிப்பார். ஒரு வாரத்தில் உத்தரம் ஆறு கோடு இறங்கியிருந்தது. ஓரமாக நின்று கொஞ்ச நேரம் ஜெபிப்பார். கேட்பவன் இருக்கிறான் என்ற நம்பிக்கை மட்டும் அவருக்குப் போகவில்லை. பதில்தான் வரவில்லை.

படியில் எதிர்ப்படும் பெண்கள் கேலி செய்வார்கள். "அண்ணே, நான் ஒரு கிலோ எளைச்சிருக்கேன். உங்க முள்ளு காட்டுச்சா?"

ஒரு நாள் அதில் ஒருத்தி சிரிக்காமல் நின்றாள். "நெசமாவே எங்க பாரமும் அதுல தெரியுமா?"

"தெரியும்மா. நடுவுல இருந்தா அதிகமாத் தெரியும். தூண் பக்கம் போனா குறையும்."

அவள் மேலே போனாள்.

மறுநாள் அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் இழுபடும் சத்தம். ஒரு பொதி. பிறகு இன்னொன்று. நடுக்கூடத்தில் குவிந்திருந்த துணிப் பொதிகளை, சாப்பிட வேண்டிய நேரத்தில், பெண்கள் சுவரோரம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். "ஏய், அக்கா இடுப்புப் புடிச்சவ, அவள விடுங்கடி" என்று தங்கையின் குரல். யாரோ சிரித்தார்கள்.

பெரிய முள் நடுங்கி, மெல்லப் பின்னுக்கு வந்தது. ஐந்து கோடு. ஒன்பது. பதினான்கு.

அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு சின்ன முள்ளைப் பார்த்தார். அது அசைந்ததாகத் தெரியவில்லை.

இரண்டையும் நோட்டில் எழுதினார். மணி அடித்தது. மேலே முப்பத்தெட்டு மெஷின்களும் ஓடத் தொடங்கின. முள் மறுபடி நடுங்கியது. கிடங்கு அம்மாள் ஒரு முக்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.