நாயல்லாத இரண்டு

வெட்டிய பலாவின் அடிக்கட்டையில் அது மறுபடியும் வந்திருந்தது. மஞ்சளாக, உள்ளங்கை அகலத்தில், ஈரம் மின்ன. எட்சன் பார்த்தான். ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் அவன் மனைவி அஜிஷாவின் முதலாண்டு நினைவு ஜெபம். முற்றத்தைத் துப்புரவாக்கிக்கொண்டே வந்த அம்மா தேவகனி, மண்வெட்டியோடு அங்கே நின்றாள்.

"ஏதோ நாயாக்கும் சத்திச்சு வச்சிருக்கு மக்கா. கோரிக் களையட்டா?"

நாய் கக்கியதல்ல என்று சொல்லலாம். யார் சொன்னது என்று அம்மா கேட்பாள். அடக்கம் முடிந்த பிறகு அஜிஷா என்ற பெயர் அவன் வாயில் வந்ததே இல்லை.

கல்லூரியில் அவள் தாவரவியல், அவன் விலங்கியல். வட்டக்கோட்டை மதிலில் உட்கார்ந்து எந்த உயிர் பெரிது என்று சண்டை போடுவார்கள். அவனுக்கு யானைக் கடல்நாய். துதிக்கை போல மூக்கு, ஆழத்தில் அமிழ்ந்துகொண்டே தூங்கும். அவளுக்கு மஞ்சள் சளிப்பூஞ்சை. பேரில்தான் பூஞ்சை, பூஞ்சையும் இல்லை, செடியும் இல்லை.

"ஏலே எட்சா, உனக்க ஆளு மூச்சு விட மேல வரணும். எனக்க ஆளுக்கு மூக்கும் இல்ல, மூளையும் இல்ல. ஆனாலும் ஊந்து போயி தீனியத் தேடிப் பிடிச்சிரும்."

மூளையில்லாமல் ஊர்வதில் நீயும் அதுவும் ஒன்றுதான் என்றான். அவள் கோபப்படவில்லை. என் ஆளுக்கு ஆங்கிலத்தில் நாய் வாந்தி என்று பேர், உன்னுடையது கடல்நாய், ரெண்டு பேரும் நாயிலதான் வந்து நிக்கோம் என்று சிரித்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகும் மழைக்கு மழை இந்தக் கட்டையருகே போட்டி தொடர்ந்தது. அவள்தான் ஜெயிப்பாள். அவளால் தன் ஆளைக் கட்டையிலேயே காட்ட முடிந்தது. நம் கடலில் அவன் ஆள் இல்லை.

மண்வெட்டி மஞ்சளின் ஓரத்தைத் தொட்டது.

"அம்மா, அது அஜிஷாக்கது."

தேவகனி கையை நிறுத்தினாள். "அவ நாய் வளத்தாளா? எனக்குத் தெரியாதே."

"நாயில்லம்மா. அதுக்கு உயிருண்டு. அவ பாத்துக்கிட்டே இருப்பா."

அம்மா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஓட்டை விழுந்த ஓலைக் கடவம் ஒன்றை எடுத்துவந்து அதன்மேல் கவிழ்த்தாள்.

"நாளைக்கு ஜெபத்துக்கு வாற ஆளுவ மிதிச்சிரும். அவளுக்கது இது. அப்போ உனக்கது எது?"

எட்சன் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தான். அஜிஷா என்று தொடங்கினான். திரும்பவும் அஜிஷா என்றான்.