மஞ்சள் மழைக்கோட்டு நாட்கள்

...இல்லை, மூன்றாவது பாட்டு இதுவல்ல, இது நான்காவது, மூன்றாவதில் முதலில் மூச்சை இழுக்கும் சத்தம் வரும், அப்புறம்தான் கிடார், என்று அவளுக்குள் யாரோ திருத்தினார்கள். கையில் இருந்த மேல்வரிசைப் பல்செட் பாலிஷ் சக்கரத்தில் ஒரு நூல் கூடுதலாகத் தேய்ந்திருக்கும், நல்லவேளை, அவள் விரல்களுக்கு அவளைவிட விவரம் அதிகம், தாமே விலகிக்கொண்டன. நாலு மணிக்கு டாக்டரிடம் போகவேண்டிய செட், ஈறு தேய்ந்துபோனால் யார் பதில் சொல்வது? பல்செட் செய்யும் அந்த லேபில் பக்கத்து மேசைக்காரர் கைபேசியில் பாட்டை ஓடவிட்டு மெழுகு உருக்கிக்கொண்டிருந்தார். "பழைய பாட்டு, ஆனா நல்லாத்தான் இருக்குல்ல?" என்றார். பழைய பாட்டாமே! பத்து வருஷத்தில் ஒரு பாட்டு கிழடாகிவிடுமா என்ன? அப்படியானால் அவள்?

அந்தப் பாட்டு வந்த ஆல்பத்தின் அட்டையில் பாடகி மஞ்சள் மழைக்கோட்டில், கொட்டுகிற மழையில், கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டு நின்றாள்... ரசிகர் குழுவில் அவளுக்கு வால்நட்சத்திரம் என்று பெயர், செல்லமாக வாலு. பத்து வருஷம் முன்னால் அந்த ஆல்பம் வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து இவளுக்கு எல்லாமே மஞ்சள்தான், கைக்குட்டை மஞ்சள், செருப்பு மஞ்சள், நகத்தில்கூட மஞ்சள் பூசிக்கொண்டு வேலைக்கு வந்தாளே, மூத்த டெக்னீஷியன் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "என்னம்மா, மஞ்சக்காமாலையா? லீவு வேணும்னா சொல்லு" என்றார். அக்கா இன்னும் மோசம். எட்டு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், "அப்பா, இவளுக்கு மாப்பிள்ளை பாக்கறப்ப மழைக்கோட்டு வச்சிருக்கானான்னு முதல்ல கேட்ருங்க." கேலி பண்ணினாலும் தன் பழைய கைபேசியைத் துடைத்துக் கொடுத்தவளும் அவள்தான். "இந்தா, உன் வாலுவுக்கு என் காணிக்கை." அம்மா போனபிறகு அந்த வீட்டில் கேட்டதைக் கொடுக்க வேறு யார் இருந்தார்கள்...

அந்தக் கைபேசி எதற்கு என்று அக்கா கேட்டிருக்கலாம். குழுவுக்கு ஒரு படைத்தலைவி இருந்தாள், முகம் பார்த்ததில்லை, ஆனால் அவள் போட்ட சட்டத்தை யாரும் மீறமாட்டார்கள். ஆல்பத்தை முதலிடத்துக்கு ஏற்ற, அது வெளியாகும் நாளில் ஆளுக்கு எத்தனை கைபேசி முடியுமோ அத்தனையில் திரும்பத் திரும்ப ஓடவிட வேண்டும், ஒலி அளவை ஒன்றில் வைத்துத் தலையணைக்கடியில் போட வேண்டும், பாட்டு நடுவில் அறுந்தால் கணக்கில் ஏறாது, ஆகவே அழைப்பு எதுவும் உள்ளே வரவே கூடாது. வரவில்லை. காலை ஆறிலிருந்து அவளுடையது, அக்கா கொடுத்தது, போதாததற்கு அப்பாவுடையதும், மூன்றும் தலையணைக்கடியில் வாயை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தன. அக்கா தன் வீட்டில் இருந்தாள், பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அத்தான் வெளியூரில். சாயங்காலம் ஏழு மணிக்கு, ஆல்பம் முதலிடத்துக்கு வந்ததைப் பார்த்துக் குதித்துவிட்டு, அழைப்புகளைத் திறந்தால், பதினொன்று. பதினொன்றும் அக்கா. கூடவே ஒரு படம், துணிக்குள் சுருண்ட சிவந்த முகம். ஆல்பம் நான்கு மணி நேரம் முதலிடத்தில் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. "அன்னிக்கு டவரே இல்ல, பாவம் அவ என்ன பண்ணுவா" என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் அவளே சொல்லிவிட்டாள். திட்டியிருந்தால் அழுது தொலைத்திருக்கலாம். இப்போது பாருங்கள், அந்தச் சிவந்த முகத்துக்கு நாளைக்குப் பத்து வயது, காலையில் குரல்செய்தி அனுப்பியிருக்கிறது, "சித்தி! வாலு ஆல்பமும் நானும் ஒரே நாளாமே! எனக்கு ஏன் சொல்லவே இல்ல நீங்க? நாளைக்கு கிளாஸ்ல பேசணும். அன்னிக்கு நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க, சொல்லுங்க!" இதற்கு என்ன பதில் சொல்வது? டவர் இல்லை என்றா? ஊரெல்லாம் நம்பட்டும், இந்தக் குட்டியிடம் எப்படி... நிஜத்தைச் சொன்னால், சித்தி சித்தி என்று காலைச் சுற்றுகிறதே, நாளைக்கும் சுற்றுமா?

சாப்பாட்டு நேரத்தில் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து அக்காவைக் கூப்பிட்டாள். விரலிடுக்கில் பாலிஷ் மாவு வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"உன் பொண்ணு கேக்கறாக்கா. என்ன சொல்லட்டும்?"

"டவர் இல்லைன்னு சொல்லு. பத்து வருஷமா ரிப்பேரே இல்லாம ஓடுற பொய்டி அது."

"என்னால முடியாதுக்கா. பதினோரு தடவை கூப்பிட்டிருக்க."

அக்கா சிரித்தாள். "அட, உன்னை வரச்சொல்லவா கூப்பிட்டேன்? நர்ஸம்மாதான், 'ஏதாவது பாடும்மா, வலி தெரியாது'ன்னாங்க. ஆல்பத்துக்கு முன்னாடியே வந்துச்சே, ஒரு மாசமா வீடு பூரா கத்திட்டுத் திரிஞ்சியே ஒரு பாட்டு, அதுல ரெண்டாவது வரி வரவே மாட்டேன்னுருச்சு. அதைக் கேக்கத்தான். போதுமா?"

ஒரு வரிக்குப் பதினோரு தடவையா... அக்காவின் பொய்கள் இப்படித்தான், தைத்த இடம் தெரியாது. இல்லை, நிஜம்தானோ? முன்பின் தெரியாத ஒரு நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, முதல் வரியையே திரும்பத் திரும்ப... எவ்வளவு நேரம்? பகலா, சாயங்காலமா? அறையில் வேறு யாராவது இருந்தார்களா? பத்து வருஷமாக அந்த நாளை எத்தனை தடவை புரட்டிப் பார்த்திருப்பாள், ஒவ்வொரு தடவையும் தன் தலையணை, தன் கைபேசி, தன் தப்பு, தன் அழுகை... அந்த நாளில் அக்கா எங்கே? அந்தப் படத்தைத் தவிர அவளுக்கு ஒன்றுமே தெரியாது, கேட்டதே இல்லை, மன்னிப்பைக்கூட மனதுக்குள்தான் கேட்டாள்.

"அக்கா... அன்னிக்கு எப்படி இருந்துச்சு உனக்கு?"

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கும் ஓசை, நாற்காலியை இழுக்கும் ஓசை.

"இரு," என்றாள் அக்கா. "உக்காந்துக்கறேன்."