கடைசி ஆளின் வெந்நீர்

"இன்னும் ரெண்டு விறகு தள்ளு, எமிகோ. தேர்தல்ல ஜெயிச்சு சட்டசபை டெபுடி ஆன அன்னைக்கே என் பிள்ளை ஆறின தண்ணியில இறங்கணுமா?" என்றாள் மாமியார் கினுயோ.

எமிகோ தள்ளினாள். பிரேசிலில், சாவோ பாவ்லோவின் அந்தப் புறநகரில் குடியேறிய ஜப்பானியர் வீடுகளுக்கெல்லாம் ஷவர் வந்துவிட்டது. இந்த வீட்டில் மட்டும் இன்னும் மரத்தொட்டிதான். உடம்பைக் கழுவிக்கொண்டு, ஒரே வெந்நீரில் ஒருவர் பின் ஒருவராக அமிழ வேண்டும். மாமனார், மூத்த மகன் ஒஸ்வால்டோ, அவன் தம்பி, மாமியார். கடைசியில் மூத்த மருமகள். பதினோரு வருடமாக எமிகோவுக்கு வாய்த்தது நாலு பேர் அமிழ்ந்து எழுந்த வெதுவெதுப்பு.

கல்யாணத்துக்கு முன் நடந்த வங்கி வேலைநிறுத்தத்தில் முதலில் கவுன்டரை மூடியவள் அவள்தான். பக்கத்துக் கவுன்டர் ஒஸ்வால்டோ அவளைப் பார்த்து மூடினான். கல்யாணமானதும், மூத்த மருமகள் வேலைக்குப் போகக் கூடாது என்றார் மாமனார். அவன் சங்கத் தலைவனானான். அவள் அவனுக்குப் பேச்சு எழுதிக்கொடுத்தாள்.

இப்போது வாசலில் லாரி மேல் நின்று அவன் முழங்கினான்: "சமையலறைக்கும் விடுதலை வேணும், தோழர்களே!" அவள் எழுதிய வரி. விசில் பறந்தது.

வியர்வையோடு உள்ளே வந்தவனை எமிகோ மறித்தாள். "திங்கட்கிழமை சங்கத்துல பெண்கள் பிரிவுக்குச் செயலாளர் எடுக்கறாங்க. என்னைக் கூப்பிட்டிருக்காங்க. ஜெயிச்சதும் அப்பாகிட்ட பேசறேன்னீங்க."

"அவருக்கு ரத்தக்கொதிப்பு. இன்னைக்குப் போய் வீட்டுக்குள்ள ஒரு ஸ்ட்ரைக்கா? அடுத்த தேர்தல் வரைக்கும் பொறுத்துக்க."

"போன தேர்தல்லயும் இதையேதான் சொன்னீங்க."

"சரி, பேச்சு எப்படி இருந்துச்சு?"

ஊருக்கு உபதேசம் என்பது இதுதான். குளியலறை ஆணியில் தொங்கிய மாமனாரின் துண்டை எடுத்து வெளியே கொடியில் போட்டாள். உள்ளே போய்த் தாழிட்டாள்.

இன்னும் யாரும் இறங்காத வெந்நீரில் கழுத்து வரை அமிழ்ந்தபோது சூடு எலும்பில் ஏறியது. பிறந்த வீட்டிலும் அண்ணன்மாருக்குப் பிறகுதான் அவள் முறை. அழுகை வந்தது, அழுதாள்.

ஒஸ்வால்டோ கதவைத் தட்டினான். "எமிகோ, என்ன இது? அப்பா நிக்கறாரு. ஆளுங்க பாக்கறாங்க."

"கவுன்டர் மூடியிருக்கு, தோழர்." கல்யாணத்துக்குப் பிறகு அவனை அவள் அப்படி அழைத்ததே இல்லை. "திங்கட்கிழமை நான் சங்கத்துக்குப் போறேன்னு அவர்கிட்ட சொல்லுங்க. இங்கேயே, எனக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க. திறக்கறேன்."

வாசலில் கூட்டம் இன்னும் அவள் வரியையே கத்திக்கொண்டிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் டெபுடி தொண்டையைச் செருமினான். இந்த ஒரு பேச்சை எழுதிக்கொடுக்க அவனுக்கு ஆள் இல்லை.