கண்டறியப்படவில்லை

பொன்னையா மருந்தடிக்கப் போகும் கோலத்தைப் பார்த்துத் தேயிலைத் தோட்டமே சிரிக்கும். மற்ற ஐந்து பேரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு களைக்கொல்லி டாங்கியை முதுகில் மாட்டுவார்கள். அவர் மட்டும் கொளுத்தும் வெயிலிலும் மழைக்கோட்டு, முழங்கை வரை ரப்பர் கையுறை, நீச்சல்காரர்களின் கண்ணாடி என்று வந்து நிற்பார். வேலை முடிந்தால் மலைத்தண்ணீர் கொட்டும் பீலியடியில் அரை மணி நேரக் குளியல். தோலில் பட்டால் அரிக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் சொன்னதில்லை.

மருந்தடிப்பவர்களின் மூத்திரத்தில் களைக்கொல்லி தங்கியிருக்கிறதா என்று ஆராய, பதுளை ஆய்வுகூடத்திலிருந்து துஷாந்தினி வந்தாள். ஆறு பேரும் ஆளுக்கொரு போத்தல் கொடுத்தார்கள். மூன்று கிழமை கழித்து, பெயர் எழுதி ஒட்டிய உறைகளோடு மறுபடி வந்தாள்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்திலேயே பொன்னையா உறையைக் கிழித்தார். உள்ளே ஒரே சொல்: கண்டறியப்படவில்லை.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “என்னங்க மிஸ், போத்தல் நெறயக் குடுத்தேனே! அதக் கண்டுபுடிக்க முடியலையாமே. எங்க தொலைச்சீங்க?”

“ஐயோ அண்ணே, ஒன்னும் தொலையல!” துஷாந்தினி சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றாள். “அந்த மெஷின் மூலக்கூறுகள எடை பார்த்துப் பிரிக்கும். ஒரு பவுசர் லொறித் தண்ணியில ஒரு சொட்டு மருந்து விழுந்தாலும் புடிச்சிரும். ஒங்களோடதுல மருந்து கொஞ்சங்கூட அகப்படல.”

“கொஞ்சங்கூடவா?”

“ஆமாங்க. மருந்தே தொடாத என்னோடதுலயே சாப்பாடு வழியா ஒரு துளி இருக்கு.”

மற்ற ஐவரில் ஒருவரான கணபதி தன் தாளில் இருந்த இலக்கத்தைப் பார்த்தார். “அண்ணே, அந்தக் கோட்டு எங்க வாங்குனீங்க?” என்று மெல்லக் கேட்டார்.

“பண்டாரவளையில. ஞாயித்துக்கெழம எல்லாருமா போவோம்!”

துஷாந்தினிக்கு இன்னொரு தேவை இருந்தது. மெஷினைச் சரிபார்க்க, களைக்கொல்லி கலக்காத மூத்திரம் வேண்டும். ஆய்வுகூடத்தில் எல்லோரும் கொடுத்துப் பார்த்தாயிற்று, காவல்காரருடையதும் தேறவில்லை. “ஒவ்வொரு திங்கக்கெழமயும் ஒரு போத்தல் தருவீங்களா?”

பொன்னையா தலையை வேகமாக ஆட்டினார். மனைவி லெட்சுமி கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மலையை நோக்கி ஓடினார்.

“ஏய் லெட்சுமி! ஒடம்புல மருந்து கொஞ்சங்கூட இல்லையாம், பதுளைக்கு என் மூத்திரந்தான் வேணுமாம்!”

மலை முழுக்கப் பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி சிரித்த சிரிப்பில் கூடை கவிழ்ந்தது. “மெதுவாப் பேசுங்க, மானம் போவுது!” என்றாள் லெட்சுமி. ஆனால் அவளுக்கும் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. மருந்து அவர் உடம்பில் ஏறிவிடுமோ என்று இருபது வருஷமாக எந்நாளும் பயந்தவள் அவள். சட்டென்று எல்லோர் முன்னாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை இருவரும் சின்ன ஐஸ்பெட்டியோடு பதுளை பஸ்ஸில் ஏறினார்கள். கண்டக்டர் பெட்டியை எட்டிப் பார்த்தார்.

“என்ன அண்ணே, ஐஸ்கிரீமா? எனக்கும் ஒன்னு குடுங்களேன்.”

லெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்தினாள். பஸ் அடுத்த வளைவில் திரும்புவதற்குள் சிரிப்பு பீறிட்டது. பதுளையில் இறங்கும்வரை அது ஓயவே இல்லை.