இரவல் கேட்க வந்தவர்

குப்பர்ஸ்வில் ஊர் பேஸ்பால் அணியின் மேலாளர் க்ளீட்டின் வண்டி பண்ணைக்குள் திரும்புவதைப் பார்த்ததும், அலாய்ஸ் வென்னிங்கர் தேவாலயப் பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்.

வந்த காரணம் அவருக்குத் தெரியும். முந்தின நாள் ஆட்டத்தில் அவருடைய ஊரான மரியன்தால் தோற்றுவிட்டது. ஜெயித்த குப்பர்ஸ்வில் மாநிலப் போட்டிக்குப் போகிறது. அப்படிப் போகிற அணி, தோற்ற ஊர்களிலிருந்து பந்து எறிய ஆள் இரவல் வாங்கிக்கொள்ளலாம். மரியன்தால் தோற்ற ஆண்டுகளில் எல்லாம் இரவல் கேட்டவர்கள் இந்த முற்றத்துக்குத்தான் வந்தார்கள், மூத்த மகன் லியாண்டருக்காக.

லியாண்டர் எறிவதைப் பார்ப்பதற்காகப் பாதிரியார்கள் பிரசங்கத்தைச் சுருக்கிய காலம் உண்டு. சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் அணி ஒன்றிலிருந்து ஆள் தேடி வந்தபோது, "மாடு கறக்க ஆள் இல்லை" என்று திருப்பி அனுப்பியவர் அலாய்ஸ்தான். மகன் மறுபேச்சு பேசவில்லை. பகலில் மாடு, மாலையில் மைதானம் என்று அவன் பேஸ்பால் ஊர் வேலிக்குள்ளேயே நின்றது.

இப்போது அவன் நாற்பதைத் தாண்டியவன். நேற்று ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே அவனை வெளியே எடுத்துவிட்டு, இளையவன் நோர்பர்ட்டை இறக்கினார்கள். மகன் தலை குனிந்து நடந்துவருவதைப் பார்க்கப் பொறுக்காமல் அலாய்ஸ் அப்போதே எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நோர்பர்ட்டை அவர் ஒரு நாளும் கணக்கில் எடுத்ததில்லை. பீர்க் கடையில் நாலு பேர் கேட்க, "அண்ணன் எறிஞ்சு முடிச்ச மிச்சம்" என்று சொல்வார்.

க்ளீட் இறங்கித் தொப்பியைக் கழற்றினார். கையில் மடித்த அணிச் சட்டை ஒன்று இருந்தது.

அலாய்ஸ் வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. "நேத்து உங்க ஊருப் பசங்க என்ன கத்துனாங்க? 'தாத்தா, போய் மாடு கற'ன்னுதானே? இன்னிக்கு அந்தத் தாத்தாவத் தேடிக் கையேந்திட்டு வர்றியா? என் பையன் உங்க சட்டையப் போட மாட்டான். நீ கால்ல விழுந்தாலும் அனுப்ப மாட்டேன்."

கொட்டகைக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே கறவை இயந்திரத்தின் சத்தம் நின்றது.

க்ளீட் நெளிந்தார். "ஐயா... நான் லியாண்டருக்காக வரல."

"பின்ன யாருக்கு?"

"நோர்பர்ட்டுக்கு. நேத்து எங்க ஆளுங்க ஒருத்தனாலயும் அவன் பந்தத் தொட முடியலயே. நீங்க பாக்கலயா?"

அலாய்ஸின் காதோரம் சுட்டது. கேட்காத பொருளைத் தரமாட்டேன் என்று வீம்பு பேசியாயிற்று. மூத்தவனுக்கு இனி அழைப்பு இல்லை என்கிற செய்தி, அப்பாவின் வாயாலேயே முற்றத்தில் போட்டு உடைக்கப்பட்டுவிட்டது.

மகன்கள் இருவரும் வெளியே வந்தார்கள். கை முழங்கை வரை ஈரமும் சாணியும்.

"விடுங்கண்ணே, அப்பா கொஞ்சம் முந்திக்கிட்டாரு," என்றான் லியாண்டர் க்ளீட்டிடம். சிரிக்கத்தான் பார்த்தான். பிறகு தம்பியிடம், "என்னடா என் மூஞ்சியப் பாக்குற? கெளம்பு. என்னயக் கூப்பிட வந்தப்ப மாடு கறக்க ஆள் இல்ல. உனக்கு நான் இருக்கேன்."

அப்பாவின் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

நோர்பர்ட் திரும்பினான். "'என் பையன் போட மாட்டான்'னுதானப்பா சொன்னீங்க. அது அண்ணன்தானே? அப்ப நான் போகலாம்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அலாய்ஸ் பதிலுக்கு அதட்டியிருப்பார்.

க்ளீட் சட்டையை நீட்டினார். வெள்ளைத் துணி. நோர்பர்ட் சாணி படிந்த தன் கைகளைப் பார்த்துப் பின்வாங்கினான். லியாண்டரின் கைகளும் அப்படித்தான். அந்த முற்றத்தில் சுத்தமாக உடுத்தி நின்றவர் ஒருவர்தான்.

அலாய்ஸ் இரண்டு கைகளையும் நீட்டி குப்பர்ஸ்வில் சட்டையை வாங்கிக்கொண்டார். அதை எந்த மகனின் முகத்துக்கு நேராகவும் நீட்ட முடியாமல், கழுவிவிட்டு வரப்போன நோர்பர்ட்டுக்காகக் காத்து நின்றார்.