காத்துக்கு எதுக்கு டிக்கெட்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. பயண ஏஜென்சி நடத்தும் நண்பர் ஒருவர், "வெளிநாடு போறவங்களுக்கு மருந்து விஷயமா ஒரு நோட்டீஸ் எழுதிக் குடுங்க. ரொம்ப பயமுறுத்திடாதீங்க" என்று கேட்டார். நானும் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன்.

'இங்கே டாக்டர் சாதாரணமாக எழுதித் தரும் மாத்திரை, சில நாடுகளில் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரலாம். எனவே பயணிகள்

அந்த 'எனவே பயணிகள்' என்ற இடத்தில் ஒருத்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். போகச் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. நண்பர் போன் மேல் போன் போடுகிறார். நான் எடுப்பதில்லை.

2

முதல் தொடக்கம்: 'சுங்கச் சோதனை அறையின் விளக்கு வெள்ளை வெளேரென்று' (வேண்டாம். விளக்கில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.)

இன்னொன்று. அவள் பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் பிரிவுக்கு மேற்பார்வையாளர். பெட்டிக்குள் இடம் வீணானால் அவளுக்குச் சோறு இறங்காது. வெளிநாட்டில் தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பார்க்கக் கிளம்புகிறாள். கட்டிலில் பெட்டியைத் திறந்து வைத்து, துணிகளைச் சுருட்டி மூலைகளில் திணிக்கிறாள். போனில் தங்கை.

"அக்கா, உன் முதுகுவலிக்கு டாக்டர் ஒரு மாத்திரை எழுதினாரே, மிச்சம் இருக்கா? இடுப்பு விட்டுப்போகுதுக்கா. இங்க லேசுல தர மாட்டேங்கிறாங்க."

"இருக்குடி. கொண்டு வரேன். இதுக்குப் போய் கெஞ்சணுமா?"

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொரு குமிழிக்குள்ளும் பாதி காற்று. "காத்துக்கு எதுக்கு டிக்கெட்?" பேக்கிங்கில் புதிதாகச் சேருபவர்களிடம் அவள் கேட்கும் கேள்வி இது. எல்லாவற்றையும் பிதுக்கி ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டாள். பெயர் அச்சிட்ட அட்டை குப்பைக்குப் போனது. டாக்டர் சீட்டு இழுப்பறையிலேயே தங்கிவிட்டது.

(நோட்டீஸ் குறுக்கிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்: மருந்தை அதன் அட்டையிலேயே, டாக்டர் சீட்டோடு கொண்டுபோங்கள். போகும் நாட்டின் தூதரகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். சிலவற்றுக்கு முன்அனுமதி வேண்டும், சில அடியோடு தடை. இன்னொருவருக்கென்று எதையும் எடுத்துப் போகாதீர்கள், கூடப் பிறந்தவளாக இருந்தாலும். 'தெரியாது' என்ற பதில் பல இடங்களில் எடுபடாது.)

3

அவளுக்குத் தெரியாமல் அந்த அட்டையைப் பெட்டிக்குள் திரும்ப வைத்து எழுதிப் பார்த்தேன். அடுத்த வரியிலேயே எடுத்து எறிந்துவிட்டாள். நான் உண்டாக்கிய ஆள்தான், ஆனால் இடத்தை வீணாக்காதவள் என்று உண்டாக்கித் தொலைத்தேனே!

இவ்வளவு கெட்டிக்காரி இப்படிச் செய்வாளா என்று நீங்கள் கேட்கலாம். கெட்டிக்காரி என்பதால்தான் செய்தாள். கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் அட்டையோடு போட்டிருப்பாள்.

4

ஆக, அந்தச் சுங்கச் சோதனை அறை. மேசை மேல் டப்பா. கையுறை போட்ட அதிகாரி மாத்திரையைச் சோதித்தாயிற்று. அங்கே அது தடை செய்யப்பட்டது. பக்கத்தில் அவள் போன் அதிர்ந்துகொண்டே இருக்கிறது, திரையில் தங்கையின் படம். தொட அனுமதியில்லை. தங்கை வெளிவாசலில் கைக்குழந்தையோடு காத்திருக்கிறாள்.

இனி ஒரே கேள்விதான்: மாத்திரை யாருடையது?

'என்னுடையது' என்று சொல்ல வைத்தேன். பாதிப் பொய்தான், டாக்டர் அவளுக்குத்தானே எழுதினார். சீட்டு எங்கே என்றார்கள். அவளைச் சிறைக்கு அனுப்பிவிட்டு என்னால் சாப்பிட முடியவில்லை. கிழித்துப் போட்டேன்.

உண்மையைச் சொல்ல வைத்தேன். தங்கையையும் உள்ளே கூப்பிட்டார்கள். 'குழந்தையை ஒரு பெண் காவலர் வாங்கி' என்பதோடு நிற்கிறது. அதற்கு மேல் கை ஓடவில்லை.

அதிகாரி மனமிரங்கி, டப்பாவை மட்டும் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவதாகவும் எழுதலாம். நடக்காததல்ல. ஆனால் நோட்டீஸைப் படிப்பவர்கள் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறுவார்களே!

5

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுகிறார். ஆளை நான் எங்கும் தேடவில்லை. இதைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்கள்தான். காதில் விழுந்ததை அப்படியே சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, யோசனை சொல்லவே கூடாது. அதுதான் உங்கள் வேலை.

"இந்த மாத்திரை யாரோடதுன்னு கேக்கிறார்" என்கிறீர்கள்.

"தமிழா? அப்பாடா!" என்கிறாள். அவள் போன் மேசையில் மறுபடி அதிர்வது உங்களுக்கும் கேட்கிறது. அதிகாரிக்குப் புரியாது என்று தெரிந்தும் குரலைத் தாழ்த்துகிறாள்.

"ஏங்க, எனக்கு ஒண்ணும் ஓடல. இதைக் கேட்டதே என் தங்கச்சிதான், பச்சைப்புள்ளையோட வெளிய நிக்கிறா. நான் என்ன சொல்லட்டும்?"

அதிகாரி பேனாவை எடுக்கிறார். அவள் என்ன சொன்னாள் என்று உங்களைக் கேட்கிறார்.